கசக்காத ஆரஞ்சு ஜூஸ்: பழம் வாங்குவதிலிருந்து மெஷின் கழுவுவது வரை

வீட்டில் பிழியும் ஆரஞ்சு ஜூஸைப் பற்றி மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் யாரிடம் கேட்டாலும் வருகிற குறை ஒன்றுதான்: கசக்கிறது. கசப்பை மறைக்க இரண்டு கரண்டி சீனி, சீனி திகட்டினால் தண்ணீர், தண்ணீர் கூடிப்போனால் ஐஸ். கடைசியில் கையில் இருப்பது தீபாவளிக்கு வருகிறவர்களுக்குக் கலக்கிக் கொடுக்கும் கார்டியல் மாதிரி ஆகிவிடும். அதற்குப் பேசாமல் கார்டியலே வாங்கியிருக்கலாம், செலவாவது மிச்சம்.

நல்ல ஜூஸுக்குச் சீனி வேண்டாம், தண்ணீர் வேண்டாம், விலை உயர்ந்த மெஷினும் வேண்டாம். கசப்பு எந்தெந்த வழியில் உள்ளே வருகிறது என்று தெரிந்துகொண்டு அவற்றை அடைத்துவிட்டால் போதும். பழத்தின் ரகம், தோலில் இருக்கும் எண்ணெய், தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைப் பகுதி, விதை, அப்புறம் பிழிந்த பிறகு ஓடும் நேரம். இவற்றில் பாதி, பழம் வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. அதனால் பழத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

எந்தப் பழம்?

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பெரிய ஆரஞ்சுகள் பெரும்பாலும் இறக்குமதி. ஆண்டின் முற்பாதியில் எகிப்துப் பழம் அதிகம் வரும்; பிற்பாதியில் தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா. எந்த நாடாக இருந்தாலும் நீங்கள் பார்க்க வேண்டியது அது நேவலா வலென்சியாவா என்பதைத்தான். நேவலை அடையாளம் காண்பது சுலபம். காம்புக்கு எதிர்ப்பக்கம் தொப்புள் போல ஒரு சுழி இருக்கும், உள்ளே குட்டிப் பழம் ஒன்று ஒட்டியிருக்கும், விதை இருக்காது. தோல் தடிமன், உரிக்க எளிது. வலென்சியாவுக்கு அந்தச் சுழி கிடையாது. தோல் மெல்லிசு, வழவழப்பு, உள்ளே சில விதைகள், சாறு அதிகம்.

அறுத்துச் சாப்பிட நேவலை விஞ்ச ஆளில்லை. ஜூஸுக்கு அது ஒரு வகையில் ஏமாற்றும். பிழிந்தவுடன் தேனாக இருக்கும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் குடித்தால் நாக்கின் அடியில் கசப்பு தட்டும். பழம் முழுதாக இருக்கும்போது அதன் திசுக்களில் கசப்பில்லாத ஒரு பொருள் இருக்கிறது. பிழிந்ததும் அது சாற்றின் புளிப்போடு சேர்ந்து, மெதுவாக லிமோனின் என்கிற கசப்புப் பொருளாக மாறுகிறது. சூடுபடுத்தினால் இன்னும் வேகமாக மாறும். வலென்சியாவில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பெரிய ஜூஸ் தொழிற்சாலைகள் வலென்சியாவை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே கணக்கு இதுதான்: பிழிந்த கையோடு குடிப்பதானால் நேவல் தாராளமாகப் போதும். காலையில் பிழிந்து, பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு ஐஸ் பெட்டியில் (ஃப்ரிட்ஜில்) வைப்பதானால் வலென்சியாதான். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெரும்பாலும் ரகத்தின் பெயர் இருக்கும், படித்துப் பாருங்கள்.

சீனப் பெருநாள் முடிந்ததும் நம் வீடுகளில் பெட்டி பெட்டியாகச் சேரும் மாண்டரின் ஆரஞ்சுகளை மறக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது, வேலையிடத்தில் கொடுத்தது, முதலாளி கொடுத்தது என்று மேசைமேல் குவிந்து கிடக்கும். தைப்பூசமும் அந்த நேரத்தை ஒட்டி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இரண்டு வாரம் கழித்து அடியில் இருப்பது பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். அதற்கு முன்னால் ஜூஸ் போட்டுவிடுங்கள். பொங்கான் என்ற ரகம் பெரிது, தோல் தொளதொளவென்று இருக்கும், நல்ல இனிப்பு, புளிப்பு போதாது. லூகான் கொஞ்சம் சிறியது, சாறும் புளிப்பும் கூடுதல், ஆனால் விதை உண்டு. மாண்டரின் ஜூஸ் மட்டும் குடித்தால் இனிப்பாக, தட்டையாக இருக்கும். ஒரு கிளாஸுக்கு இரண்டு லீமாவ் கஸ்தூரி (குட்டிப் புளிப்பு எலுமிச்சை) பிழிந்தால் உயிர் வந்துவிடும்.

பச்சையும் மஞ்சளும் கலந்த தோலோடு வரும் லீமாவ் மானிஸ் என்ற ஆரஞ்சைக் காய் என்று நினைத்து ஒதுக்குகிறவர்கள் பலர். அது காயில்லை. ஆரஞ்சுத் தோல் நிறம் மாற இரவுக் குளிர் வேண்டும். குளிர் பட்டால்தான் பச்சை நிறமி கரைந்து ஆரஞ்சு நிறம் தெரியும். நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் பழம் உள்ளே நன்றாகப் பழுத்தும் வெளியே பச்சையாகவே நிற்கும். தோல் மெல்லியது, சாறு நிறைய, விலையும் பெரும்பாலும் கட்டுப்படியாகும். ஒரே சங்கடம் விதைதான்.

பொமலோவுக்கு (பம்பளிமாஸ்) பெயர்போன தம்புன் பக்கத்தில் இருப்பதால் அதையும் கலந்து பிழியலாமா என்று கேட்பீர்கள். பிழியலாம். ஆனால் சுளையின் மேல் இருக்கும் சவ்வு அத்தனையையும் உரித்துவிட்டு, உள்ளே உள்ள முத்துகளை மட்டும் எடுக்க வேண்டும். அந்தச் சவ்வு கடும் கசப்பு. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

கடையில் நிற்கும்போது

கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு பழங்களில் கனமானதே சாறுள்ளது. தோல் வழவழப்பாக, துளைகள் சிறிதாக, அழுத்தினால் லேசாக விட்டுக் கொடுத்து மீள்வதாக இருக்க வேண்டும். பெரிதாகவும் பஞ்சுபோலவும் இருந்தால் பாதி தோல்தான். நிறத்தை நம்பாதீர்கள். ஜூஸுக்குச் சின்னப் பழமே நல்லது. கடைக்காரர் மலிவாகக் குவித்து விற்பதும் அதைத்தான். “அக்கா, பெருசு எடுங்க, இனிப்பு” என்று நம் பாஷையிலேயே ஆசை காட்டுவார். சிரித்துவிட்டுச் சின்னதையே எடுங்கள்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வலைப் பையில் கட்டி விற்பதை வாங்கினால், பையைத் திருப்பி அடியில் இருப்பதைப் பாருங்கள். ஒரு பழத்தில் வெள்ளையோ பச்சையோ பொடி படர்ந்திருந்தால் பை முழுதையும் விட்டுவிடுங்கள், அது பரவும். வீட்டுக்கு வந்ததும் வலையை அவிழ்த்துவிட வேண்டும். நம் வெயிலுக்கு வெளியே நான்கைந்து நாள் தாங்கும். ஐஸ் பெட்டியின் அடித்தட்டில் இரண்டு மூன்று வாரம்.

எவ்வளவு வாங்குவது? நடுத்தரப் பழம் ஒன்று 60 முதல் 80 மில்லி சாறு கொடுக்கும். 250 மில்லி கிளாஸுக்கு மூன்று நான்கு பழம். கிலோ கணக்கில், ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 400 முதல் 450 மில்லி. நான்கு பேர் வீட்டில் ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ் என்றால் ஒன்றரைக் கிலோ சரியாக இருக்கும்.

கழுவுவதும் தயார் செய்வதும்

தோலை எறியத்தானே போகிறோம், எதற்குக் கழுவுவது என்று நினைக்காதீர்கள். கத்தி தோலைத் தாண்டித்தான் உள்ளே போகிறது. தோலில் இருக்கும் அழுக்கும் கிருமியும் அதோடு சேர்ந்து போகும். பிழியும்போது உங்கள் கையும் தோலைத் தொட்டுவிட்டுச் சாற்றைத் தொடும். ஓடும் தண்ணீரில் சுத்தமான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துணியால் துடையுங்கள். சோப்பு வேண்டாம், தோலின் நுண்துளைகளில் அது தங்கிவிடும். இறக்குமதிப் பழத்தில் மெழுகும் பூஞ்சை மருந்தும் பூசியிருப்பார்கள், அதனால் தோலைத் துருவிச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் இன்னும் நன்றாகத் தேய்க்க வேண்டும்.

ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த பழத்தை அப்படியே பிழிந்தால் சாறு குறையும். ஒரு மணி நேரம் வெளியே வையுங்கள். அவசரமென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போடுங்கள். பிறகு மேசையில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி நான்கைந்து முறை உருட்டுங்கள். உள்ளே இருக்கும் சாற்றுப் பைகள் உடைந்து நெகிழும். தோல் வெடிக்கிற அளவுக்கு அழுத்த வேண்டாம்.

வெங்காயம், பெலாச்சான் (இறால் விழுதுக் கட்டி) வெட்டிய பலகையில் ஆரஞ்சை வைக்காதீர்கள். எவ்வளவு கழுவினாலும் அந்த வாடை விடாது. பழத்துக்கென்று ஒரு சின்னப் பலகையும் கத்தியும் தனியாக இருந்தால் பிழைத்தீர்கள்.

பிழிவது

பழத்தைக் குறுக்கே வெட்ட வேண்டும், அதாவது காம்பு ஒரு பாதியிலும் எதிர்முனை மறுபாதியிலும் இருக்கும்படி. அப்போதுதான் எல்லாச் சுளைகளும் ஒரே நேரத்தில் திறக்கும். காம்பிலிருந்து அடி வரை நெடுக்காக வெட்டினால் சில சுளைகள் மூடியே கிடக்கும், சாறு பாதி வீணாகும். வெட்டியதும் தெரியும் விதைகளைக் கத்தி முனையால் தட்டிவிடுங்கள். முதல் பழத்தில் ஒரு துண்டைச் சுவைத்துப் பார்ப்பது என் பழக்கம். கசப்போ புளிப்போ அங்கேயே தெரிந்துவிடும், எதைக் கலப்பது என்று அப்போதே முடிவு செய்யலாம்.

கூம்பு வைத்த சின்னப் பிழியான் போதும், பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ. மின்சாரத்தில் சுற்றும் கூம்பு மெஷின் இருந்தால் வேலை வேகமாக நடக்கும், ஆனால் கையின் அழுத்தம் அதிகமாகிவிடும். பாதிப் பழத்தைக் கூம்பில் வைத்து, மெதுவாக அழுத்தி, இடமும் வலமுமாகத் திருப்புங்கள். சாறு குறைந்ததும் நிறுத்துங்கள். கசப்பு வருவதற்கு முக்கிய இடமே இதுதான். “இன்னும் கொஞ்சம் இருக்கு” என்று வெள்ளைத் தோல் தெரியும்வரை கடைகிற கை நம் எல்லோருக்கும் உண்டு. ஒரு பொட்டு வீணாகக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். கடைசியாக வருகிற அந்த ஒரு கரண்டிச் சாறு கிளாஸ் முழுவதையும் கெடுத்துவிடும். அதை விட்டுவிடுங்கள்.

கைப்பிடியை இறக்கி நசுக்கும் இரும்பு மெஷினில் வேறு ஆபத்து. அது பழத்தைத் தோலோடு சேர்த்து நசுக்கும். தோல் எண்ணெய் சாற்றில் விழும். ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் நல்ல மணம். அதற்கு மேல் போனால் தொண்டையில் எரிச்சலும் கசப்பும். தோல் மெல்லிய பழத்துக்கு அதில் பாதி அழுத்தம் போதும்.

லீமாவ் கஸ்தூரியை வடிகட்டிக்கு மேலே பிடித்துப் பிழியுங்கள். அதன் விதைகளைத் தேடிப் பொறுக்குவது வெட்டி வேலை.

பிழியான் இல்லை, பிளெண்டர்தான் இருக்கிறது என்றால்

பரவாயில்லை, மாண்டரினுக்கு உண்மையில் பிளெண்டர்தான் வசதி. அதன் தொளதொளத் தோல் கூம்பில் நிற்காமல் சுற்றும். தோலை உரித்து, வெண்ணிற நாரை முடிந்தவரை எடுத்துவிடுங்கள். நடுவில் இருக்கும் தண்டையும் எடுத்துவிடுங்கள். சுளையைப் பிளந்து விதையை நீக்குங்கள். விதை ஒன்று அரைபட்டாலும் கசப்பு கிளாஸுக்குள் வந்துவிடும், இதில் சோம்பல் கூடாது.

தண்ணீர் ஊற்ற வேண்டாம், பழத்திலேயே இருக்கிறது. ஐந்து முதல் பத்து விநாடி, விட்டுவிட்டு அடியுங்கள். நேரம் கூடினால் நுரை பொங்கும், சவ்வு தூளாகும், சாறு வெளுத்துப்போகும். பிறகு வடிகட்டியில் ஊற்றி, கரண்டியால் லேசாகக் கிளறிவிட்டு, தானாக இறங்க விடுங்கள். சக்கையை அமுக்கிப் பிழியக் கூடாது. தேத்தண்ணி வடிகட்டியை எடுத்துவிடாதீர்கள், அதன் சாயமும் வாடையும் ஜூஸில் தெரியும்.

நேவலைப் பிளெண்டரில் போடுவதைத் தவிர்க்கவே சொல்வேன். சவ்வும் தண்டும் அரைபட, முன்பு சொன்ன லிமோனின் இன்னும் அதிகமாக வரும்.

சுவையைச் சரிசெய்வது

கசந்துவிட்டதா? சீனியைத் தொடுவதற்கு முன் ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பாருங்கள். உப்பில் உள்ள சோடியம் நாக்கில் கசப்பை அடக்கும், பழத்தின் இனிப்பு தானாக மேலே வரும். உப்புக் கரிக்கும் அளவுக்குப் போடக் கூடாது. இரண்டு விரல் நுனியில் எடுக்கும் அளவே அதிகம். அப்படியும் அடங்காவிட்டால் இனிப்பான மாண்டரின் சாற்றைப் பாதிக்குப் பாதி கலந்துவிடுங்கள். புளிப்பு அதிகமென்றாலும் அதே வழிதான். தட்டையாக இருந்தால் லீமாவ் கஸ்தூரி.

அசாம்பொய் (உப்பிட்டு உலர்த்திய பிளம்) போட்டுக் குடிக்கும் ஆசை இருந்தால், ஒரு குடுவைக்கு இரண்டு போட்டு அரை மணி நேரம் ஐஸ் பெட்டியில் ஊற விடுங்கள். நன்றாகத்தான் இருக்கும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதில் இருக்கும் உப்பை நினைவில் வைக்க வேண்டும்.

வைத்திருப்பது

பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்களில் ஆரஞ்சு ஜூஸை வைக்காதீர்கள். புளிப்பு உலோகத்தை இழுக்கும். கண்ணாடி, எவர்சில்வர், அல்லது நல்ல பிளாஸ்டிக் குடுவை. விளிம்புவரை ஊற்றி மூடினால் உள்ளே காற்று குறையும், மணமும் நிற்கும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஐஸ் பெட்டியில் 4 டிகிரி அளவில் ஒரு நாள் நன்றாக இருக்கும், அதிகபட்சம் இரண்டு மூன்று நாள். பிழிந்த சில நிமிடங்களில் வைட்டமின் சி எல்லாம் போய்விடும் என்று சொல்வதில் உண்மை இல்லை. குளிரில் மூடி வைத்தால் ஒரு நாளில் குறைவது சிறு பங்குதான். முதலில் போவது மணமும் சுவையும்.

பழம் நிறைய இருந்தால் சாற்றை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளைப் பையில் போட்டு மூன்று நான்கு மாதம்வரை வைக்கலாம். இதற்கும் நேவல் ஒத்துவராது.

யாருக்கு எவ்வளவு

250 மில்லி கிளாஸில் ஏறக்குறைய 21 கிராம் சர்க்கரை இருக்கிறது, நாம் ஒரு கரண்டிகூடப் போடாமலே. மலேசியாவில் 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். ஆகவே நம் வீட்டு மேசையில் பெரிய கிளாஸ் தேவையில்லை. 120, 150 மில்லி போதும், அதுவும் சாப்பாட்டோடு. நீரிழிவு உள்ளவர்கள் பழத்தைச் சுளையாகச் சாப்பிடுவது மேல், நார்ச்சத்தாவது கிடைக்கும். ஆனால் இன்சுலினோ மாத்திரையோ எடுத்துச் சர்க்கரை திடீரென்று இறங்கி, உடல் நடுங்கி வியர்க்கும்போது இதே ஜூஸ் மருந்து. 150 மில்லி குடித்து, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும்.

முருங்கைக்கீரை, பருப்பு சாப்பிடும்போது சின்ன கிளாஸ் ஜூஸ் குடித்தால் அவற்றிலுள்ள இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு தே குடிப்பது இதற்கு நேரெதிர் வேலை செய்யும். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு ஜூஸே வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால், மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

பொமலோ விஷயம் சொல்கிறேன் என்றேனே. பொமலோ, கிரேப்ஃப்ரூட் இரண்டிலும் இருக்கும் ஒருவகைப் பொருள், சில மாத்திரைகள் உடலில் கரைந்து வெளியேறுவதைத் தடுத்து, இரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். கொழுப்புக்குக் கொடுக்கும் சிம்வாஸ்டாடின், அடோர்வாஸ்டாடின், இரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின், ஃபெலோடிபின் அந்தப் பட்டியலில் உள்ளவை. இவற்றைச் சாப்பிடுகிறவர்கள் கிளினிக்கில் மருந்து கொடுப்பவரிடம் கேட்டுவிட்டுக் குடியுங்கள். சாதாரண இனிப்பு ஆரஞ்சில் இந்தப் பிரச்சினை இல்லை.

கோயில் திருவிழாவுக்கும் விருந்துக்கும்

15 கிலோ பெட்டி ஒன்று ஆறு லிட்டர் போலக் கொடுக்கும், 150 மில்லி கப்பில் 40 பேருக்கு. இரண்டு கூம்பு மெஷின், வெட்ட ஒருவர், பிழிய இருவர், வடிகட்ட ஒருவர் என்று உட்கார்ந்தால் வேலை ஓடும். முதல் நாளே பிழிந்து வைப்பது வேண்டாம். பாஸ்டரைஸ் செய்யாத, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்காத ஆரஞ்சு ஜூஸ் புளிப்பாக இருப்பதால் கிருமி வராது என்று சிலர் நம்புகிறார்கள்; 1995-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் அப்படிப்பட்ட ஜூஸிலிருந்துதான் சால்மொனெல்லா கிருமி பரவியது. கை கழுவி, பழம் கழுவி, பரிமாறுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு உள்ளாகப் பிழிந்து, குடுவைகளை ஐஸ் நிரப்பிய பெட்டிக்குள் வையுங்கள். ஐஸை ஜூஸுக்குள் போடாதீர்கள். அது கரைந்து வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு வெறும் நிறத்தண்ணீர்தான் கிடைக்கும், கடைகளில் வாங்கும் ஐஸ் எப்படிச் செய்தது என்பதும் நமக்குத் தெரியாது. கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் கண் முன்னால் புதிதாகப் பிழிந்ததைக் கொடுங்கள்.

முடித்ததும் மெஷினை உடனே கழுவுங்கள். கூம்பின் பள்ளங்களில் நார் காய்ந்தால் பல்குத்தியால்தான் எடுக்க வேண்டும், எறும்பு அதற்கு முன்னாலேயே வந்திருக்கும். தோல்களைச் செடிக்கடியில் குவியலாகப் போடாமல், நறுக்கி உரக்குழியில் மண்ணோடு கலந்துவிடுங்கள். இரண்டு மூன்று தோலை மட்டும் எடுத்து வைத்து, உட்புறத்தால் சமையலறைத் தொட்டியைத் தேய்த்தால் மீன் வாடை போகும்.